பல் செட்டும் மூக்குக் கண்ணாடியும்: பெரிய தலைவர்களைத் தோற்கடித்த சின்னத் தேர்தல்!

தேர்தல் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? சுவரொட்டி, ஒலிபெருக்கி, ஊர்வலம், ஓட்டுச் சாவடி, விரலில் மை. ஊரே திரண்டு நிற்கும்.

ஆனால் ஊர் கவனிக்காத தேர்தல் ஒன்று உண்டு. அது கட்சிக்குள் நடக்கும் தேர்தல். கட்சியின் நிர்வாகக் குழுவில் யார் உட்காருவது என்று முடிவு செய்யும் தேர்தல்.

அதற்கு ஊர்வலம் கிடையாது. மையும் கிடையாது. ஆனால் பொதுத் தேர்தலில் கட்சியின் சார்பில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, கட்சியில் யாரை வைத்துக் கொள்வது, யாரை வெளியே அனுப்புவது, இதை எல்லாம் அந்தக் குழுதான் தீர்மானிக்கிறது. பந்தியில் பரிமாறுவதைத்தான் விருந்தாளிகள் பார்க்கிறார்கள். சமையல் நடப்பதோ அடுக்களையில்!

அப்படிப்பட்ட ஒரு தேர்தல் 1952-ம் ஆண்டு பிரிட்டனில் நடந்தது. 7 இடங்களுக்குத்தான் போட்டி. ஆனால் அதன் முடிவைக் கேட்டு நாடே வியந்தது. துணைப் பிரதமராக இருந்தவர் தோற்றார். நிதி மந்திரியாக இருந்தவர் தோற்றார். அவர்களைத் தோற்கடித்த விஷயம் என்ன தெரியுமா? வயதானவர்கள் கட்டிக் கொள்ளும் பல் செட்டும், மூக்கில் மாட்டிக் கொள்ளும் கண்ணாடியும்!

27 நாற்காலிகள்

பிரிட்டனில் தொழிற் கட்சி 1900-ம் ஆண்டில் பிறந்தது. தொழிற் சங்கங்களும் சோஷலிஸ்டு சங்கங்களும் சேர்ந்து அதை உண்டாக்கின. இந்தியாவுக்கு 1947-ல் சுதந்திரம் கிடைத்தபோது பிரிட்டனில் ஆட்சியில் இருந்தது இந்தக் கட்சிதான். அட்லி அப்போது பிரதம மந்திரி.

இந்தக் கட்சிக்குத் தேசிய நிர்வாகக் குழு என்று ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் காங்கிரஸ் காரியக் கமிட்டி என்கிறோமே, ஏறக்குறைய அதைப் போன்றது.

1952-ல் அந்தக் குழுவில் 27 நாற்காலிகள். தொழிற் சங்கங்களுக்கு 12. தொகுதிக் கிளைகளுக்கு 7. பெண்களுக்கு 5. சோஷலிஸ்டு சங்கங்களுக்கும் கூட்டுறவு அமைப்புகளுக்கும் சேர்த்து 1. கட்சிப் பொருளாளருக்கு 1. கட்சித் தலைவருக்கு 1.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வருடா வருடம் நடக்கும் மகாநாட்டில்தான் ஓட்டெடுப்பு. ஒரு தொழிற் சங்கத்தில் லட்சக் கணக்கான உறுப்பினர்கள் இருப்பார்கள். அத்தனை பேருடைய ஓட்டையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி, சங்கம் ஒரே பக்கம் போடும். நாலைந்து பெரிய சங்கத் தலைவர்கள் கூடிப் பேசி விட்டால் போதும், மகாநாட்டின் முடிவு தெரிந்து விடும். பெண்களுக்கான 5 இடங்களைக் கூடச் சங்கங்களின் ஓட்டுகள்தான் நிர்ணயித்தன.

தெருத் தெருவாக அலைந்து கட்சிக்காக ஓட்டுக் கேட்கும் சாதாரணத் தொண்டனுக்கு இது பிடிக்குமா? "உழைப்பது நாங்கள், முடிவு செய்வது அவர்களா?" என்ற கசப்பு வெகு நாள் இருந்தது. கடைசியில் 1937-ல் விதியை மாற்றினார்கள். தொகுதிக் கிளைகளுக்கு உரிய இடங்கள் 5-லிருந்து 7 ஆயின. அந்த 7 பேரைத் தொகுதிக் கிளைகளின் பிரதிநிதிகளே தேர்ந்தெடுக்கலாம் என்றும் ஆயிற்று. சங்கங்கள் அதில் கை வைக்க முடியாது.

27-ல் 7 என்பது சிறுபான்மைதான். ஆனால் தொண்டனின் மனசு எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடி அந்த 7 இடங்கள்தான்.

குழுவின் அதிகாரம்

இந்தக் குழுவின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்லலாம்.

1942-ல் யுத்த காலத்தில் சமரசத் திட்டத்துடன் இந்தியாவுக்கு வந்தாரே ஸ்டாபோர்டு கிரிப்ஸ், அவர் 1937-ல் இந்தக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பிற கட்சிகளுடன் கூட்டுச் சேர வேண்டும் என்று பிரசாரம் செய்ததற்காக 1939-ல் அவரைக் கட்சியை விட்டே நீக்கினார்கள்.

இரண்டாவது உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. பிற்காலத்தில் இந்தியாவின் ராணுவ மந்திரியாக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். லண்டனில் செயின்ட் பாங்கிராஸ் பகுதியில் தொழிற் கட்சிக் கவுன்சிலராக இருந்தார். ஸ்காட்லாந்தில் உள்ள டண்டி தொகுதியில் பாராளுமன்றத்துக்கு நிற்க அந்த ஊர்க் கட்சியினர் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் இரண்டாம் உலக யுத்தத்தின்போது கட்சியின் நிர்வாகக் குழு கை விரித்து விட்டது. மேனன் அங்கே நிற்க முடியவில்லை.

ஊர் ஒப்புக் கொண்டாலும் குழு ஒப்புக் கொள்ள வேண்டும்!

சுரங்கத்திலிருந்து வந்தவர்

இனி 1952-க்கு வருவோம். அந்தத் தேர்தலின் கதாநாயகர் அனைரின் பெவன்.

வேல்ஸ் நாட்டில் டிரெடீகர் என்ற நிலக்கரி ஊரில் 1897-ல் பிறந்தவர். தகப்பனார் சுரங்கத் தொழிலாளி. வீட்டில் பிள்ளைகள் பத்துப் பேர். 13 வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு விட்டுப் பையனும் சுரங்கத்துக்குள் இறங்கினான். பேசும்போது நாக்கு திக்கும். விடாமல் பேசிப் பேசியே அந்தத் திக்குவாயை வென்றான். பிற்காலத்தில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அவருக்கு இணையான பேச்சாளர் சர்ச்சில் ஒருவர்தான் என்று சொல்லும்படி ஆயிற்று.

தகப்பனார் நிலக்கரித் தூசியால் வந்த நுரையீரல் நோயில் 1925-ல் மாண்டார். அதை அருகில் இருந்து பார்த்தவர் பெவன்.

டிரெடீகர் ஊரில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சிறு தொகை கொடுப்பார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு டாக்டரும் மருந்தும் அவர்களுடைய குடும்பத்துக்கு இலவசம். இதை நாடு முழுவதற்கும் செய்தால் என்ன?

பெவன் 1945-ல் சுகாதார மந்திரியானார். செய்தும் காட்டினார். 1948-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி தேசிய சுகாதாரத் திட்டம் பிறந்தது. ஏழை, பணக்காரன் என்ற பேதம் இல்லை. டாக்டர், ஆஸ்பத்திரி, மருந்து, பல் செட்டு, மூக்குக் கண்ணாடி, எல்லாம் இலவசம்.

அதுவரை பல் விழுந்தால் பொக்கை வாயோடு காலம் தள்ளியவர்கள் பலர். சந்தைக் கடையில் விற்கும் கண்ணாடியில் ஒவ்வொன்றாய் மாட்டிப் பார்த்து, ஏதோ ஒன்றை வாங்கி வந்தவர்கள் பலர். அவர்களுக்கெல்லாம் முதன் முறையாகத் தங்கள் வாய்க்குப் பொருந்திய பல்லும், தங்கள் கண்ணுக்குப் பொருந்திய கண்ணாடியும் கிடைத்தன. கூட்டம் அலை மோதியது.

சண்டை மூண்டது

1950-ல் கொரியாவில் யுத்தம் வெடித்தது. பிரிட்டனும் ஆயுதத்தைப் பெருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மூன்று வருஷத்துக்கு 470 கோடி பவுன் செலவு!

பணத்துக்கு எங்கே போவது? 1951-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் நிதி மந்திரி ஹியூ கெயிட்ஸ்கெல் பட்ஜெட்டைக் கொண்டு வந்தார். அதில் ஒரு சிறு குறிப்பு: பல் செட்டு, மூக்குக் கண்ணாடி இவற்றின் விலையில் பாதியை இனி மக்களே கொடுக்க வேண்டும். முதல் வருஷத்தில் இதனால் மிச்சமாவது 1 கோடியே 30 லட்சம் பவுன்.

"பாத்திரம் நிறைந்த பாலில் ஒரு துளி உப்பா?" என்று பெவன் கொதித்தார் என்றே சொல்லலாம். தொகை சிறியது. ஆனால் இலவசம் என்ற கொள்கையில் ஒரு ஓட்டை விழுந்து விட்டால் அது பெரிதாகிக் கொண்டே போகும் என்பது அவருடைய வாதம். இத்தனை ஆயுதம் வாங்குவது நடக்கிற காரியமும் இல்லை என்றார். மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். அவருடன் வர்த்தக மந்திரி ஹரால்டு வில்சனும், ஜான் பிரீமன் என்ற உதவி மந்திரியும் வெளியேறினார்கள்.

கெயிட்ஸ்கெல் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கையில் உள்ள பணம் ஒரு அளவுதான். எல்லாச் செலவுக்கும் வரம்பு வேண்டும், சுகாதாரத்துக்கு மட்டும் வரம்பு இல்லை என்றால் எப்படி என்று அவர் கேட்டார். அட்லியும் மாரிசனும் அவர் பக்கம் நின்றார்கள்.

அதே வருஷம் அக்டோபரில் பொதுத் தேர்தல். தொழிற் கட்சி தோற்றது. சர்ச்சில் மறுபடியும் பிரதமர் ஆனார். வீட்டில் வறுமை வந்தால் சண்டையும் வரும் அல்லவா? எதிர்க் கட்சி வரிசைக்குப் போன தொழிற் கட்சியிலும் சண்டை முற்றியது. "பெவன் கோஷ்டி" என்ற பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. 1952 மார்ச்சில் ராணுவச் செலவு பற்றிய ஓட்டெடுப்பில் 57 எம்.பி.க்கள் கட்சிக் கட்டளையை மீறினார்கள்.

ஊர் ஊராகக் கேள்வி-பதில்

பெவன் கோஷ்டியிடம் பணம் இல்லை. பெரிய சங்கங்களின் ஆதரவும் இல்லை. ஆனால் "டிரிப்யூன்" என்ற பத்திரிகை இருந்தது. அதோடு ஒரு புது உத்தியும் இருந்தது.

வார இறுதியில் நாலைந்து எம்.பி.க்கள் ஒரு ஊருக்குப் போவார்கள். மேடையில் வரிசையாக உட்காருவார்கள். பிரசங்கம் கிடையாது. "உங்களுக்கு என்ன சந்தேகம்? கேளுங்கள்!" என்பார்கள். சுரங்கத் தொழிலாளி கேட்பார், வாத்தியார் கேட்பார், குடும்பப் பெண் கேட்பார். மேடையில் இருப்பவர்கள் சுடச்சுடப் பதில் சொல்வார்கள். அயன் மிக்கார்டோ என்ற எம்.பி. கேள்விகளை வாங்கிக் கொடுத்து நிகழ்ச்சியை நடத்துவார். கூட்டம் நிரம்பி வழியும்.

நிர்வாகக் குழுவுக்கு ஓட்டுப் போடப் போகும் தொகுதிக் கிளைத் தொண்டர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். பெரிய தலைவர்களின் பெயரை அவர்கள் பத்திரிகையில் படித்தார்கள். பெவன் கோஷ்டியினரின் முகத்தையோ நேரில் பார்த்தார்கள்!

களத்தில் நின்றவர்கள்

1952 செப்டம்பர் கடைசியில் மோர்கம் நகரில் மகாநாடு கூடியது. லங்காஷயரில் உள்ள கடற்கரை ஊர் அது. கோடையில் தொழிலாளர் குடும்பங்கள் விடுமுறைக்குப் போகிற இடம்.

தொகுதிக் கிளைகளுக்கான 7 இடங்களுக்குப் போட்டியிட்ட அபேட்சகர்களில் முக்கியமானவர்களைப் பார்ப்போம்.

ஹெர்பர்ட் மாரிசன். போலீஸ்காரரின் மகன். குழந்தையாக இருக்கும்போதே ஒரு கண்ணில் பார்வை போய் விட்டது. கடைப் பையனாக வேலை பார்த்து முன்னுக்கு வந்தவர். லண்டன் நகரசபையை ஆண்டவர். யுத்த காலத்தில் உள்நாட்டு மந்திரி. குண்டு விழும்போது வீட்டுக்குள்ளேயே குடும்பத்தோடு படுத்துக் கொள்ள இரும்பு மேஜைக் கூண்டு கொடுத்தார்களே, அதற்கு "மாரிசன் கூண்டு" என்றே பெயர். பிறகு துணைப் பிரதமர். கட்சியின் துணைத் தலைவர். கட்சி இயந்திரத்தின் ஒவ்வொரு திருகாணியும் அவருக்குத் தெரியும் என்பார்கள்.

ஹியூ டால்ட்டன். பாதிரியாரின் மகன். அவருடைய தகப்பனார் அரச குமாரர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். ஆனால் மகனோ சோஷலிஸ்டு! ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். 1945-ல் நிதி மந்திரி. 1947-ல் பட்ஜெட் உரைக்குப் போகிற வழியில் ஒரு பத்திரிகைக்காரரிடம் வரி விவரத்தை வாய் தவறிச் சொல்லி விட்டார். அதற்காகப் பதவியை விட்டார்.

கெயிட்ஸ்கெல்லும் போட்டியிட்டார்.

எதிர்ப் பக்கத்தில் பெவன். அவரோடு பார்பரா காஸில் என்ற பெண் எம்.பி. வயது 41. பெண்களுக்கு ஒதுக்கிய இடத்திலிருந்து முந்தைய வருஷம் துணிந்து விலகி, ஆண்களோடு பொது இடத்தில் போட்டியிட்டு ஜெயித்தவர். அடுத்து 36 வயது ஹரால்டு வில்சன். 31 வயதிலேயே மந்திரிசபையில் இடம் பிடித்தவர். அடுத்து ஆக்ஸ்போர்டு ஆசிரியராக இருந்து பத்திரிகையாளரான ரிச்சர்டு கிராஸ்மன். பத்திரிகையாளர் டாம் டிரைபர்க். கேள்வி-பதில் கூட்டம் நடத்திய மிக்கார்டோ.

இரண்டு பக்கமும் மதித்த ஒருவரும் இருந்தார். அவர் ஜிம் கிரிபித்ஸ். அவரும் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிதான். தொழிலாளர் இன்ஷூரன்ஸ் சட்டத்தைக் கொண்டு வந்த மந்திரி. கோஷ்டிச் சண்டையில் சேராதவர்.

முடிவு வந்தது!

ஓட்டுகளை எண்ணினார்கள். முடிவைப் படித்தார்கள்.

பெவன் 9 லட்சத்து 65 ஆயிரம் ஓட்டுகள் வாங்கி முதலிடம்! (ஒவ்வொரு கிளையின் பிரதிநிதியும் தம் கிளை உறுப்பினர்களின் எண்ணிக்கைப்படி ஓட்டளிப்பதால்தான் இவ்வளவு பெரிய கணக்கு.) இரண்டாம் இடம் பார்பரா காஸிலுக்கு. 8 லட்சத்து 68 ஆயிரம். டிரைபர்க், வில்சன், மிக்கார்டோ, கிராஸ்மன் ஆகியோரும் ஜெயித்தார்கள். நடுநிலையாளர் கிரிபித்சும் ஜெயித்தார்.

கடைசி இடத்தைப் பிடித்த கிராஸ்மனுக்குக் கிடைத்தவை 6 லட்சத்து 20 ஆயிரம். மாரிசனுக்கு 5 லட்சத்து 84 ஆயிரம்தான். டால்ட்டனுக்கு 4 லட்சத்து 37 ஆயிரம்.

7 இடங்களில் 6 பெவன் கோஷ்டிக்கு! மாரிசனும் டால்ட்டனும் அவுட்! கெயிட்ஸ்கெல்லும் தேறவில்லை.

மண்டபத்தில் ஒரு பக்கம் ஆரவாரம். ஒரு பக்கம் ஆத்திரம். தொழிற் சங்கத் தலைவர் ஆர்தர் டீக்கின் மேடை ஏறி, பெவன் கோஷ்டி உடனே கலைய வேண்டும் என்று கர்ஜித்தார்.

தோற்றுப் போன மாரிசன் என்ன செய்தார்? கோபித்துக் கொண்டு ஊருக்குப் போய் விடவில்லை. மகாநாட்டிலேயே எழுந்து பேசினார். தம் தோல்வியைப் பற்றிப் புலம்பவில்லை. கட்சி எப்படி ஜெயிப்பது என்பது பற்றிப் பேசினார். அவருக்கு ஓட்டுப் போடாதவர்கள் கூடக் கை தட்டினார்கள்.

ஒரே ஒரு ஓட்டு

7-ல் 6 வாங்கி விட்டதால் கட்சி பெவன் கைக்கு வந்து விட்டதா? இல்லை. 27-ல் 6 என்பது 6-தான். சங்கங்களின் 12 நாற்காலிகள் அப்படியே இருந்தன. அந்த அக்டோபரிலேயே பெவன் கோஷ்டியைக் கலைக்கும்படி எம்.பி.க்கள் கூட்டம் உத்தரவிட்டது. 188 பேர் அதற்கு ஆதரவு. 51 பேர் எதிர்ப்பு. அடுத்த வருஷம் துணைத் தலைவருக்கும் குழுவில் தனி நாற்காலி என்று விதி செய்தார்கள். மாரிசன் பின் வாசல் வழியாகத் திரும்பி வந்தார்.

1954-ல் பெவன் தம் இடத்தை விட்டு விட்டுப் பொருளாளர் பதவிக்குப் போட்டியிட்டார். அது மகாநாடு முழுவதும் ஓட்டுப் போடும் பதவி. சங்க மூட்டைகள் கெயிட்ஸ்கெல் பக்கம் விழுந்தன. அவருக்கு 43 லட்சம். பெவனுக்கு 20 லட்சம். தொண்டர்களின் கண்மணி, சங்கங்களின் தராசில் பாதி எடைகூட நிற்கவில்லை!

ஆனால் மோர்கம் தேர்தல் வீண் போகவில்லை. அதன் பலன் 1955 மார்ச்சில் தெரிந்தது.

அணுகுண்டு பற்றிய விவாதத்தில் பெவன் அட்லியையே எதிர்த்துக் கேள்வி கேட்டு விட்டார். எம்.பி.க்கள் கூட்டத்தில் அவருக்கு எதிராக 141 ஓட்டும் ஆதரவாக 112 ஓட்டும் விழுந்தன. அடுத்த படி, கட்சியை விட்டே நீக்குவது. அதைத் தீர்மானிக்க வேண்டியது நிர்வாகக் குழு. அட்லி ஒரு சமரசம் சொன்னார்: பெவனிடம் உறுதிமொழி வாங்கிக் கொள்வோம், நீக்க வேண்டாம்.

குழு ஓட்டெடுத்தது. 14 பேர் அட்லியின் சமரசத்துக்கு. 13 பேர் எதிராக. ஒரே ஒரு ஓட்டு! மோர்கம் நகரில் ஜெயித்து உள்ளே வந்த பெவனின் நண்பர்கள் அப்போதும் அந்த மேஜையைச் சுற்றி இருந்தார்கள். பெவன் தப்பினார்.

"ஒரு ஓட்டில் என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை நினைத்துப் பார்க்கலாம்.

பிறகு என்ன ஆனார்கள்?

1955 டிசம்பரில் தலைவர் பதவிக்குப் போட்டி நடந்தது. எம்.பி.க்கள் மட்டுமே ஓட்டளித்தார்கள். கெயிட்ஸ்கெல் 157. பெவன் 70. மாரிசன் 40. இளையவர் ஜெயித்தார், மூத்தவர் இருவரும் தோற்றார்கள். 1956-ல் பெவன் ஒரு வழியாகப் பொருளாளர் ஆனார். கெயிட்ஸ்கெல்லுடன் சேர்ந்து வேலை செய்தார். 1960 ஜூலை 6-ந் தேதி, 62 வயதில் புற்றுநோயால் காலமானார். அவர் உண்டாக்கிய சுகாதாரத் திட்டத்துக்கு முதல் நாள்தான் 12 வயது நிரம்பியிருந்தது.

அவரோடு ஜெயித்த இளைஞர் வில்சன் 1964-ல் பிரதம மந்திரி ஆனார். மொத்தம் நான்கு பொதுத் தேர்தல்களில் கட்சியை வெற்றி பெறச் செய்தார். பார்பரா காஸில் மந்திரியாகி, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமச் சம்பளச் சட்டத்தை 1970-ல் நிறைவேற்றினார். குடித்து விட்டு வண்டி ஓட்டுகிறவர்களை ஊதச் சொல்லிப் பிடிக்கும் முறையை 1967-ல் கொண்டு வந்தவரும் அவர்தான். கிராஸ்மனும் மந்திரி ஆனார். அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு மந்திரிசபை ரகசியங்களை ஊருக்குச் சொன்னது.

1952-ல் 7 நாற்காலிகளுக்கு நடந்த போட்டி, பிற்காலப் பிரதமரையும் மந்திரிகளையும் அடையாளம் காட்டி விட்டது.

வீட்டுக்கே வந்த ஓட்டுச் சீட்டு

காலம் மாறியது. முறையும் மாறியது. கிளைப் பிரதிநிதிக்குப் பதிலாக ஒவ்வொரு உறுப்பினரும் தாமே ஓட்டுப் போடும் ஏற்பாடு வந்தது. ஓட்டுச் சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்தது.

அப்போதும் அதிசயங்கள் நடந்தன. 1997-ல் டோனி பிளேர் அமோக வெற்றி பெற்றுப் பிரதமர் ஆனார். அந்த வெற்றியின் சூத்திரதாரி என்று பெயர் வாங்கியவர் பீட்டர் மாண்டல்சன். அவர் நிர்வாகக் குழுவுக்கு நின்றார். தொண்டர்கள் அவரைத் தோற்கடித்துக் கென் லிவிங்ஸ்டன் என்ற முரட்டுப் பேச்சுக்காரரை ஜெயிக்க வைத்தார்கள். இந்த மாண்டல்சன் யார் தெரியுமா? 1952-ல் தோற்ற மாரிசனின் பேரன்! மாரிசனுடைய மகளின் மகன். நாற்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு, தாத்தா தோற்ற அதே களத்தில் பேரனும் தோற்றார்.

1998 முதல் எம்.பி.க்கள் இந்தப் பிரிவில் நிற்கக் கூடாது என்று விதி வந்தது. இனி சாதாரண உறுப்பினர்கள்தான் அபேட்சகர்கள். இடங்கள் 6 ஆயின. பின்னர் 9 ஆயின.

ஆனால் இதிலும் ஒரு குறை. ஒரு கோஷ்டி பட்டியல் போட்டுக் கொடுக்கும். அதைப் பார்த்து எல்லோரும் ஓட்டுப் போட்டால் அத்தனை இடமும் ஒரே பக்கம் போய் விடும். 2016-ல் 6-க்கு 6-ம், 2018-ல் 9-க்கு 9-ம் இடதுசாரிகளுக்கே போயின. 2020-ல் முறையை மாற்றினார்கள். இவர் எனக்கு முதல், இவர் இரண்டாவது, இவர் மூன்றாவது என்று உறுப்பினர் வரிசை எண் போட வேண்டும். ஒருவர் ஜெயிக்கத் தேவையானதற்கு மேல் விழும் ஓட்டு அடுத்தவருக்குப் போகும். அதன் பிறகு இடங்கள் பங்காகப் பிரிந்தன. யாரும் மொத்தமாக அள்ளிக் கொண்டு போகவில்லை.

காப்பாற்றிய குழு, கதவை அடைத்த குழு

"பழைய கதை இருக்கட்டும். இப்போதும் அந்தக் குழுவுக்கு அவ்வளவு பலம் உண்டா?" என்று கேட்கலாம். உண்டு.

2016-ல் கட்சித் தலைவர் ஜெரமி கார்பினை எதிர்த்து அவருடைய எம்.பி.க்களே கிளம்பினார்கள். 172 பேர் நம்பிக்கை இல்லை என்றார்கள். 40 பேர்தான் ஆதரவு. தலைவர் தேர்தல் வந்தது. கேள்வி இதுதான்: பதவியில் இருக்கும் தலைவர் தாமாகவே போட்டியில் சேர்ந்து விடுவாரா, அல்லது மற்றவர்களைப் போல 51 பேரின் கையெழுத்து வாங்க வேண்டுமா? கையெழுத்து வேண்டும் என்றால் கார்பின் கதை முடிந்தது. ஜூலை 12-ந் தேதி நிர்வாகக் குழு ரகசிய ஓட்டெடுத்தது. தாமாகவே சேருவார் என்று 18 பேர். கையெழுத்து வேண்டும் என்று 14 பேர். கார்பின் போட்டியிட்டார். ஜெயித்தார்.

ஏழு ஆண்டுகள் கழிந்தன. தலைவர் மாறினார். குழுவில் இருந்தவர்களும் மாறினார்கள். 2023 மார்ச்சில் அதே குழு மறுபடி ஓட்டெடுத்தது. கார்பினைக் கட்சியின் அபேட்சகராகப் பாராளுமன்றத்துக்கு நிறுத்தக் கூடாது என்று தீர்மானம். ஆதரவு 22. எதிர்ப்பு 12. 1983 முதல் எம்.பி.யாக இருந்தவருக்குக் கட்சியின் கதவு அடைபட்டது!

2024 ஜூலையில் அவர் சுயேச்சையாக நின்றார். கட்சியின் அபேட்சகரை 7,247 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். குழு சொன்னது ஒன்று. தொகுதி சொன்னது வேறு.

அதே குழு. அதே கார்பின். 2016-ல் ஒரு தீர்ப்பு. 2023-ல் வேறொரு தீர்ப்பு. நடுவில் மாறியது என்ன? நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர்கள்தான்.

அந்த நாற்காலிகளில் சிலவற்றுக்கு ஓட்டுப் போட்டவர்கள் யார்? சமையல் அறை மேஜையில் தபாலைப் பிரித்துப் பார்த்து, பெயர்களுக்கு எதிரே எண் எழுதிய சாதாரண உறுப்பினர்கள். உறுப்பினர் ஆகியும் ஓட்டுப் போடாமல், அந்தத் தபாலைப் பிரிக்காமலே மூலையில் வைத்தவர்களும் உண்டு. பிறகு, "நம்மைக் கேட்காமல் கட்சியில் என்னென்னவோ செய்கிறார்கள்" என்று குறைப்படுவதும் அவர்கள்தான்.

எந்த நாட்டிலும், எந்தக் கட்சியிலும், சந்தா கட்டிச் சேர்ந்திருப்பவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: "எங்கள் கட்சியின் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் யார்? அவர்களைத் தேர்ந்தெடுத்தது யார்?"

பதில் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால், கேட்க வேண்டிய இடத்தில் கேட்பது இன்னும் நல்லது!